சைட் ஹெல்மட்டில் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது எப்படி

இந்தக் குறிப்பு மேசன்மார், கையாட்கள், கம்பி கட்டுபவர்கள், பலகை அடிப்பவர்கள், அவர்களை வைத்து வேலை செய்விக்கும் கொந்தராத்துக்காரர் எல்லோருக்கும் உரியது. அரிசி ஆலையில் மூட்டை அடுக்கின் கீழே நிற்பவருக்கும் இதே ஹெல்மட்தான், இதே கோளாறுகள்தான். உங்கள் ஹெல்மட்டில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். அதற்கு முன் இந்த ஒரு விசயத்தை மட்டும் எல்லோரும் வாசித்துவிட்டுப் போங்கள்.

வெளியே தெரியும் பிளாஸ்ரிக் ஓடு மட்டும் தலையைக் காப்பதில்லை. ஓட்டுக்கும் உச்சந்தலைக்கும் நடுவே சுமார் 25 முதல் 30 மில்லிமீற்றர் வரை வெற்றிடம் இருக்கிறது. மேலிருந்து ஒரு சாமான் விழும்போது ஓடு அந்த அடியைப் பரவலாக வாங்குகிறது. உள்ளே இருக்கும் பட்டிகள் இழுபட, ஓடு அந்த வெற்றிடத்துக்குள் இறங்கி அடியின் வேகத்தைத் தணிக்கிறது. ஐரோப்பியத் தரமான ஈ.என். 397 இன் சோதனையில் 5 கிலோ இரும்பை ஒரு மீற்றர் உயரத்திலிருந்து ஹெல்மட்டின் மேல் போடுவார்கள்; உள்ளே இருக்கும் மாதிரித் தலைக்குப் போய்ச் சேரும் விசை 5 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது. அந்தக் கணக்கை நமது சைட்டுக்குக் கொண்டுவந்தால், இரண்டரைக் கிலோ கல் இரண்டு மீற்றர் உயரத்திலிருந்து விழுவதும் அதே அடிதான். அந்தக் கல்லே ஒன்பது மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக்கு மேலிருந்து விழுந்தால் அடி நாலரை மடங்கு. ஆகவே மேலே கல் ஏறும்போது கீழே ஆள் நிற்காமல் பார்ப்பது முதல் வேலை. ஹெல்மட் அதற்கு அடுத்தபடி.

கீழே வரும் எந்தக் கோளாறை எடுத்தாலும் பார்க்கவேண்டியது இவைதான்: வெற்றிடம் அப்படியே இருக்கிறதா, பட்டி இழுபடுமா, ஓடு இன்னும் வளைந்து கொடுக்குமா.

குனிந்தால் கழன்று விழுகிறது

"அண்ணன், இது நிக்குதில்ல, குனிஞ்சா விழுகுது" என்று சொல்லிக் கழற்றி, சீமெந்து மூட்டைக்கு மேல் வைத்துவிடுகிறார்கள். மேசன் வேலையில் பாதி நேரம் குனிந்த தலைதான் என்பதால், இந்தக் கோளாறைத் திருத்தாவிட்டால் அந்த ஹெல்மட் நாள் முழுக்க மூட்டை மேலேயே இருக்கும்.

முதலில் இருக்கும் விதத்தைப் பாருங்கள். ஹெல்மட் தலையில் மட்டமாக இருக்கவேண்டும், முன்விளிம்பு புருவத்துக்கு மேல் ஓர் அங்குலம் அளவில். வெயில் காலத்தில் நெற்றியில் காற்றுப் படட்டும் என்று பின்னுக்குத் தள்ளிப் போடும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. அப்படிப் போட்டால் பின்னால் பாரம் இழுக்கும், குனிந்தவுடன் கழன்றுவிடும். நெற்றியும் திறந்தே கிடக்கும்.

அடுத்தது பின்பக்கத் திருகு. தலையில் வைத்தபின் இறுக்கவேண்டும், கையில் வைத்து இறுக்கிவிட்டுப் போடுவதல்ல.

இரண்டும் சரியாக இருந்தும் விழுகிறது என்றால் காரணம் அநேகமாகப் பின்தலைப் பட்டியின் உயரம். அந்தப் பட்டியை ஏற்றி இறக்க உள்ளே இரண்டு மூன்று துளைகள் இருக்கும். கடையில் வாங்கும்போது எந்தத் துளையில் மாட்டியிருந்ததோ அதிலேயே வருடக்கணக்காக விட்டுவிடுகிறோம். பின்மண்டையில் எலும்பு புடைத்திருக்கும் இடத்தைத் தடவிப் பாருங்கள்; பட்டி அதற்குக் கீழே போய்ப் பிடிக்கவேண்டும். மேலே நின்றால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும், இறுக்க இறுக்கத் தலையிடிதான் வரும். துளையை மாற்றியபின், நாடிப் பட்டி போடாமலே குனிந்து தலையை இடமும் வலமும் ஆட்டுங்கள். அசையாமல் நின்றால் சரி.

சாரத்தில் ஏறுகிறவருக்கு இது போதாது, நாடிப் பட்டி கட்டாயம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடற்கரைப் பக்கம் இரண்டாம் தட்டில் நின்றவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் நாடிப் பட்டி அறுந்துவிட்டது என்று நைலோன் கயிற்றால் கட்டிக்கொள்ளாதீர்கள். ஈ.என். 397 ஹெல்மட்டின் நாடிப் பட்டி 150 முதல் 250 நியூட்டன் வரை, அதாவது ஏறத்தாழ 15 முதல் 25 கிலோ இழுவையில் தானாகவே விட்டுவிடும்படி செய்யப்பட்டது. ஹெல்மட் எங்காவது கொழுவிக்கொண்டால் கழுத்து நெரிபடாமல் இருக்கத்தான் அது. நைலோன் கயிறு விடாது. தொலைபேசிக் கோபுரம் ஏறுகிறவர்களைப்போல, ஆள் விழும்போதும் ஹெல்மட் தலையிலேயே நிற்கவேண்டிய வேலைக்கு ஈ.என். 12492 என்ற மலையேற்றத் தரத்தில் வரும் ஹெல்மட் வேண்டும். அதன் பட்டி 500 நியூட்டன் வரை தாங்கும்.

துவாயோ தொப்பியோ உள்ளே வைத்தால்தான் பொருந்துகிறது

அப்படியென்றால் ஹெல்மட் உங்கள் அளவுக்குத் திருத்தப்படவில்லை. அளவு எண் உள்ளே அச்சாகியிருக்கும். சாதாரணமாக 52 முதல் 64 சென்ரிமீற்றர் தலைச் சுற்றளவுக்குள் வரும். மேலே சொன்னபடி திருத்திப் பாருங்கள், பொருந்தாவிட்டால் வேறு ஹெல்மட் எடுங்கள். மடித்த துவாயை உச்சியில் வைத்தால் வெற்றிடம் நிரம்பிவிடும், அடி நேரே மண்டைக்குப் போகும். கைத்தொலைபேசி, பீடிக்கட்டு, வெற்றிலைப் பொட்டலம் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். பட்டிக்கும் ஓட்டுக்கும் நடுவே இருப்பது சாமான் வைக்கும் தட்டு அல்ல.

காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறைப் பக்கத்தில் தொழுகைத் தொப்பியோடு ஹெல்மட் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மெல்லிய துணித் தொப்பி மடிப்பில்லாமல் தலையோடு ஒட்டிக் கிடந்தால் போடலாம், அதன்பின் திருகை மறுபடி சரிசெய்யவேண்டும். தடித்து விறைப்பாக நிற்கும் தொப்பியோடும், முன்விளிம்புள்ள கிரிக்கெட் தொப்பியோடும் கூடாது. சைட்டில் வேலை பார்க்கும் பெண் பொறியியலாளர்கள், அளவெடுக்கும் தங்கச்சிமார் பர்தாத் துணியைத் தட்டையாக விரித்து, ஊசி எதுவும் பட்டிக்குக் கீழே வராமல் குத்திக்கொள்ளவேண்டும். உச்சிக் கொண்டை ஹெல்மட்டைத் தூக்கிவிடும். முடியைப் பிடரிக்கு இறக்கிக் கட்டினால் பிரச்சினை தீரும்.

தலையிடிக்கிறது, நெற்றியில் வடு விழுகிறது

திருகை ஒரு சொடுக்கு தளர்த்திப் பாருங்கள். தளர்த்தியும் வலித்தால் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். பட்டி முறுக்கிக் கிடக்கும், அல்லது நெற்றியில் படும் வியர்வைப் பட்டி தேய்ந்து பிளாஸ்ரிக் நேரே குத்தும். முறுக்கை நேராக்கலாம், வியர்வைப் பட்டியைத் தனியாக வாங்கி மாற்றலாம். நான்கு இடத்தில் கொழுவும் உள்பட்டியைவிட ஆறு இடத்தில் கொழுவுவது பாரத்தைப் பரப்பிக் கொடுக்கும், நாள் முழுக்கப் போடுகிறவர் அதை வாங்குவது நல்லது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஹெல்மட்டைக் கழற்றியும் தலையிடி போகவில்லை, கூடவே தலைசுற்றும் ஓங்காளமும் இருக்கிறது என்றால் அது ஹெல்மட்டின் கோளாறல்ல, உடம்பில் வெப்பம் ஏறியிருக்கிறது. ஆளை நிழலுக்குக் கொண்டுபோய், தண்ணீர் கொடுத்து, உடம்பை நனைத்துக் காற்றுப் பிடியுங்கள். பேச்சுத் தடுமாறினால் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும்.

சூடு தாங்கமுடியவில்லை

கடும் நிறத்தைவிட வெள்ளை ஹெல்மட் குறைவாகச் சூடேறும். வெள்ளை மேற்பார்வையாளருக்கு மட்டும் என்று சில சைட்டுகளில் நிறம் பிரிக்கிறார்கள். வெயிலில் நிற்கும் கையாளுக்கும் வெளிர் நிறத்தில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, பதவி காட்ட வேண்டுமானால் ஓர் ஒட்டி ஒட்டலாம்.

ட்ரில் மெசினால் ஓட்டில் துளை போடுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். ஒரு துளையிலிருந்து வெடிப்பு ஓடத் தொடங்கும், கம்பி முனையும் அதற்குள்ளால் இறங்கும். காற்றுத் துளையோடு தொழிற்சாலையிலேயே செய்த ஹெல்மட் கடையில் கிடைக்கிறது. அது மேசன் வேலைக்குச் சரி, கரண்ட் வேலைக்கு ஆகாது. கரண்ட் வேலை செய்கிறவர் துளையில்லாத, 1000 வோல்ற் வரைக்கான ஈ.என். 50365 குறியுள்ள ஹெல்மட்டைப் பார்த்து வாங்கவேண்டும். அதில் இரட்டை முக்கோண அடையாளம் இருக்கும். கூரைக்குப் பக்கத்தால் போகும் 33,000 வோல்ற் கம்பிக்கு எந்த ஹெல்மட்டும் காவல் இல்லை. அந்தக் கம்பிக்குக் கிட்ட நீளக் கம்பியைத் தூக்காமல் இருப்பதுதான் வழி.

நிறம் மங்கிவிட்டது, தொட்டால் கையில் தூள் ஒட்டுகிறது

நமது கரையில் அதிகம் காண்பது இதுதான், அதிகம் அலட்சியம் செய்வதும் இதைத்தான். பிளாஸ்ரிக்கை வெயிலின் புற ஊதாக் கதிர் மேற்பரப்பிலிருந்து தொடங்கிப் பலவீனமாக்குகிறது. மஞ்சள் ஹெல்மட் பழுத்த ஓலை நிறத்துக்கு வரும், மினுக்கம் போகும், பிறகு மேலே வெண்மையாகப் பூக்கும். வாங்கியபோது அடியை வாங்கி வளைந்து கொடுத்த ஓடு இப்போது வளையாமல் உடையும்.

முதலில் வயதைப் பாருங்கள். ஹெல்மட்டைக் கவிழ்த்து முன்விளிம்பின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தால், சின்ன நாணயம் அளவில் ஒரு வட்டம் தெரியும். வட்டத்தைச் சுற்றி 1 முதல் 12 வரை எண்கள், நடுவே ஓர் அம்பு, அம்பின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வோர் இலக்கம். அம்பு 7 ஐக் காட்டி, பக்கங்களில் 2 உம் 1 உம் இருந்தால் அது 2021 ஜூலையில் வார்த்த ஓடு. கடைக்காரர் எப்போது விற்றார் என்பது வேறு கதை. பாவனைக்கு எடுத்த நாளை நீங்களே உள்ளே ஓர் ஒட்டியில் எழுதி வையுங்கள். ஓட்டுக்குப் பாவனைக்கு எடுத்ததிலிருந்து அதிகபட்சம் 5 வருடம், உள்பட்டிக்கு 12 மாதம் என்பது பல உற்பத்தியாளர்கள் சொல்லும் எல்லை. கடும் வெயிலில் கிடக்கும் ஹெல்மட்டுக்கு அதைவிடக் குறைவாகவே வைப்பார்கள். கொங்கிறீற் தட்டில் காலையிலிருந்து பின்னேரம் வரை நிற்கிறவருடைய ஓட்டை இரண்டு வருடத்தில் மாற்றிவிடுவதுதான் நல்லது என்பது என் கருத்து.

பிறகு அழுத்திப் பாருங்கள். உள்பட்டியைக் கழற்றிவிட்டு, ஓட்டின் இரண்டு பக்க விளிம்பையும் உள்ளங்கைகளால் பிடித்து ஓர் அங்குலம் அளவுக்கு உள்ளே நெருக்கி, விடுங்கள். நல்ல ஓடு சத்தமில்லாமல் வளைந்து, விட்டவுடன் பழைய உருவத்துக்கு வரும். கிரீச்சிட்டால், 'நொறுக்' என்று சின்னதாகச் சத்தம் கேட்டால், மெதுவாகத்தான் திரும்பி வந்தால் அந்த ஓட்டின் காலம் முடிந்தது. பக்கத்தில் புதிய ஹெல்மட் ஒன்றை வைத்து அதையும் நெருக்கிப் பார்த்தால் வித்தியாசம் கைக்கே தெரியும். எச்.டி.பி.ஈ., ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்ரிக் ஓடுகளுக்குத்தான் இந்தச் சோதனை. கண்ணாடி இழை ஹெல்மட் இப்படி வளையாது. அதில் மேற்பூச்சு உரிந்து நார் வெளியே தெரிகிறதா என்று பார்க்கவேண்டும்.

வெயிலில் வேலை செய்யத்தான் வேண்டும், அதை மாற்றமுடியாது. வேலை முடிந்தபின்னும் வெயிலில் விடுவதை மாற்றலாம். லொறியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்த ஹெல்மட் நாள் முழுக்க வேகிறது. கதவு மூடிய வாகனத்துக்குள் வெப்பம் 60 பாகையைத் தாண்டும். மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் கொழுவி விடுவதும் அப்படித்தான். சைட் கொட்டிலுக்குள் ஒரு பலகையில் ஆணி அடித்து வரிசையாகக் கொழுவ வையுங்கள், செலவே இல்லை.

வெடிப்பு, கீறல், பள்ளம்

விரல் நகத்தை ஓட்டில் குறுக்கே இழுங்கள். நகம் தட்டுப்படாத மேல் கீறலோடு வேலை செய்யலாம். நகம் சிக்கினால், அல்லது தலைமயிர் அளவிலாவது வெடிப்புத் தெரிந்தால் ஹெல்மட்டை ஒதுக்கவேண்டும். உள்பட்டியின் கிளிப் நுழையும் வெட்டுகளைச் சுற்றித்தான் வெடிப்பு முதலில் வரும், அந்த இடங்களை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். பசை போட்டு ஒட்டுவது, டேப் சுற்றுவது எதுவும் வேண்டாம்.

பெயின்ற் அடித்த ஹெல்மட் என்றால் வெடிப்பைப் பார்க்கவே முடியாது. பழைய நீல ஹெல்மட்டுகளை ஸ்பிறே பெயின்ற்றால் மஞ்சளாக்கி மறுபடி கொடுப்பது நடக்கிறது. மங்கல் மறைகிறது என்பதோடு, பெயின்ற்றிலும் தினரிலும் இருக்கும் கரைப்பான் ஓட்டையும் அரிக்கிறது. பெயர் எழுத ஒட்டி போதும். விளிம்பிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் தள்ளி, சிறிதாக ஒட்டுங்கள்.

நாற்றம், தலையில் அரிப்பு, நெற்றியில் பரு

சீமெந்துத் தூள் காரத்தன்மை உடையது. வியர்வையோடு சேர்ந்து நெற்றித் தோலை அரிக்கும். உள்பட்டியைக் கழற்றி, இளஞ்சூட்டு நீரில் சாதாரண சவர்க்காரம் போட்டுக் கழுவி, நிழலில் காயப்போடுங்கள். வாரம் ஒரு தடவை செய்தால் போதும். தார், எண்ணெய்க் கறை போகவில்லை என்று பெற்றோலோ தினரோ தொடாதீர்கள். ஒருவர் ஹெல்மட்டை மற்றவர் போடுவதைத் தவிர்த்தாலே பாதி அரிப்புப் போய்விடும்.

திருகு பிடிக்கவில்லை, சும்மா சுற்றுகிறது

பற்களுக்குள் மணலும் காய்ந்த சீமெந்துக் கலவையும் போயிருக்கும். தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் தூரிகையால் தேயுங்கள். எண்ணெய் விடவேண்டாம், அது மணலை இன்னும் பிடித்து வைக்கும். பல் தேய்ந்திருந்தால் உள்பட்டியை முழுதாக மாற்றவேண்டும்.

உள்பட்டி கழன்று வருகிறது, நார் பிரிந்திருக்கிறது

கழன்ற கிளிப்பை அழுத்தி மாட்டிப் பாருங்கள், சரியாகப் பூட்டினால் 'டக்' என்று கேட்கும். காது உடைந்த கிளிப்பைக் கட்டுக் கம்பியால் ஓட்டோடு கட்டிவைப்பதைப் பல சைட்டுகளில் காணலாம். அடி விழும்போது பட்டி இழுபடவேண்டும்; கம்பி இழுபடாது, அதன் முறுக்கு முனை தலையைப் பார்த்தே நிற்கும். தையல் விட்ட பட்டிக்கும் திருத்தம் இல்லை. அதே உற்பத்தியாளரின் அதே மாதிரிக்குரிய உள்பட்டிதான் வாங்கவேண்டும். வேறு கம்பெனிப் பட்டி வெட்டுக்குள் நுழைந்தாலும் ஓட்டோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டதல்ல. உள்பட்டி தனியாகக் கிடைக்காத மலிவு ஹெல்மட் என்றால், ஒரு வருடத்தில் முழு ஹெல்மட்டையுமே மாற்றவேண்டும் என்று கணக்குப் போட்டு விலையைப் பாருங்கள்.

முன்விளிம்பு இடிக்கிறது, அதனால் திருப்பிப் போடுகிறார்கள்

ஒட்டு வேலை செய்பவர், பலகைக்கு அடியில் நுழைந்து முட்டுக் கொடுப்பவர் கேட்பது நியாயம்தான். இரண்டு வளைந்த அம்புகள் சேர்ந்து வட்டமாக இருக்கும் அடையாளம் உள்ளே இருந்தால், அந்த ஹெல்மட்டைத் திருப்பிப் போடலாம். ஆனால் உள்பட்டியைக் கழற்றித் திருப்பி மாட்டியபின்தான். அடையாளம் இல்லாவிட்டால் குறுகிய முன்விளிம்புள்ள ஹெல்மட்டை வாங்கிக் கொடுப்பதே வழி.

புதியதுதான், ஆனால் மெல்லிதாக இருக்கிறது

தரக் குறியீடு, உற்பத்தியாளர் பெயர், மாதமும் வருடமும், அளவு, பிளாஸ்ரிக்கின் வகை ஆகியவை ஓட்டில் அச்சாகியிருக்கவேண்டும். ஒன்றுமே இல்லாவிட்டால் அது விளையாட்டுச் சாமான், மலிவு என்று வாங்கவேண்டாம். ஈ.என். 812 என்று போட்டிருந்தால் அது தலை முட்டாமல் இருக்கப் போடும் இடிதொப்பி. விழும் கல்லுக்கு அது நிற்காது. மோட்டார் சைக்கிள் ஹெல்மட்டோடு சைட்டுக்குள் வருகிறவரும், சைட் ஹெல்மட்டோடு வீதியில் ஓடுகிறவரும் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு அடிக்காகச் செய்தவை, ஒன்றுக்கொன்று உதவாது.

மேலே ஏதோ விழுந்தது, ஆனால் ஹெல்மட்டில் ஒன்றும் தெரியவில்லை

முதலில் ஆளைப் பாருங்கள். கழுத்து வலிக்கிறது என்றால் தூக்கி நிமிர்த்தாதீர்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, தூக்கக் கலக்கம், நடந்தது நினைவில்லாமை, காதிலோ மூக்கிலோ நீரோ இரத்தமோ வருவது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் 1990 க்கு அழையுங்கள். அது இலங்கையின் சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். "ஒண்டுமில்ல, நான் வேலையப் பாக்கிறன்" என்று அவர் சொன்னாலும் அன்று முழுக்க அவரைத் தனியே விடாதீர்கள். என்ன விழுந்தது, எத்தனை மணிக்கு, யார் பார்த்தது என்று எழுதி வையுங்கள். வேலையில் காயப்படுவோருக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அந்தக் குறிப்பு பிறகு குடும்பத்துக்கு உதவும்.

அடுத்தது ஹெல்மட். அடி வாங்கிய ஹெல்மட் மறுபடி தலைக்கு ஏறக்கூடாது. ஓட்டில் கீறல்கூட இல்லாமல் இருக்கலாம், ஆனால் பட்டி ஒரு தடவை இழுபட்டுவிட்டது. ஓட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் இருக்கலாம். உயரத் தட்டிலிருந்து ஆளில்லாமல் தரையில் விழுந்த ஹெல்மட்டுக்கும் இதே முடிவுதான். தென்னைக்குக் கீழே வேலை செய்யும்போது தேங்காய் விழுந்த ஹெல்மட்டுக்கும்தான். மூலையில் வீசினால் நாளைக்கு இன்னொரு தம்பி எடுத்துத் தூசி தட்டிப் போட்டுக்கொள்வார். பட்டிகளை வெட்டி, ஓட்டை வாளால் இரண்டாக அறுத்துப் போடுங்கள். அதற்காகத்தான் பத்துப் பேர் வேலை செய்யும் சைட்டில் இரண்டு ஹெல்மட்டாவது கூடுதலாக இருக்கவேண்டும் என்கிறேன். மேலதிக ஹெல்மட் இல்லாத சைட்டில் அடிபட்டதை யாரும் அறுக்கமாட்டார்கள்.

வீட்டுக்காரர் பார்க்க வரும்போது போடும் ஹெல்மட்

தட்டு போடுகிற நாளில் வீட்டுக்காரர், மாமனார், மச்சான்மார் எல்லோரும் வருவார்கள். அவர்களுக்கென்று வாசலில் கொழுவியிருப்பது பெரும்பாலும் சைட்டிலேயே பழைய ஹெல்மட். மேலே சொன்ன நெருக்கும் சோதனையை முதலில் அதற்கே செய்யுங்கள். வந்தவர் தலையில் வைத்ததும் திருகை நீங்களே இறுக்கிவிட்டு உள்ளே விடுங்கள்.